கண்ணுக்குள் கசியும் ரத்தம்: ஈல்ஸ் நோய் என்றால் என்ன?

வயது 25, 26தான் இருக்கும். சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, கண்ணில் அடியும் படவில்லை. ஒருநாள் காலையில் எழுந்ததும் ஒரு கண்ணில் கறுப்பாக நூல் நூலாக ஓடுகிறது. மத்தியானத்துக்குள் அந்தக் கண் முழுக்கப் புகைமூட்டம். வலி இல்லை, நீர் வடியவில்லை, கண்ணாடியில் பார்த்தால் சிவந்துகூட இல்லை. இப்படி ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தால், நம்மூர் விழித்திரை மருத்துவரின் மனதில் ஓடும் பெயர்களில் ஒன்று ஈல்ஸ் நோய்.

அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். உலக அளவில் அரிதான நோய்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்றைக்கு அபூர்வமாகவே தென்படுகிறது. இந்தியாவும் அக்கம்பக்கத்து நாடுகளும் சேர்ந்த நம் பகுதியில்தான் அதிகம். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆண்களைப் பிடிக்கிறது. பெண்களுக்கு வரவே வராது என்றில்லை, குறைவு.

சுருக்கமாகச் சொன்னால், விழித்திரையின் ஓரங்களில் ஓடும் ரத்தக்குழாய்களில், முக்கியமாகச் சிரைகளில், அழற்சி உண்டாகிறது. அந்தக் குழாய்கள் அடைபடுகின்றன. அதன் விளைவாகக் கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் வெள்ளணுக்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்து, அந்த இடத்தையே வீங்கவைத்துக் கெடுப்பதைத்தான் அழற்சி என்கிறோம். மூட்டில் நடந்தால் மூட்டு வீங்கி வலிக்கும். விழித்திரையில் நடந்தால் வலிக்காது, ஏனென்றால் வலியை உணரும் நரம்பு அங்கே கிடையாது. இந்த நோயில் பலர் தாமதமாக வந்து சேர்வதற்கு இதுவே முதல் காரணம்.

உள்ளே நடப்பது என்ன?

விழித்திரை கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் உடம்பிலேயே மிக அதிகமாக ஆக்சிஜன் கேட்கும் திசுக்களில் இதுவும் ஒன்று. தமனி வழியாக ரத்தம் உள்ளே வருகிறது, நுண்குழாய்களில் பரவுகிறது, சிரை வழியாகத் திரும்பிப் போகிறது. ஈல்ஸ் நோயில் முதலில் கெடுவது இந்தத் திரும்பிப் போகும் பாதை. சிரையின் சுவரைச் சுற்றி வெள்ளணுக்கள் அப்பிக்கொள்கின்றன. வெறும் சிவப்புக் கோடாக இருக்க வேண்டிய சிரைக்கு இருபுறமும் வெள்ளையாக ஓர் உறை இருப்பதை மருத்துவர் லென்ஸ் வழியாகப் பார்ப்பார்.

வயலில் இறங்கி வேலை பார்த்தவர்களுக்கு அடுத்து நடப்பதைச் சொல்வது சுலபம். வடிகால் அடைத்துக்கொண்டால் வயலில் தண்ணீர் தேங்கும். தேங்கிய வயலுக்குப் புதுத் தண்ணீர் பாயாது, வரப்பும் ஊறிப்போய் உடையும். சிரை அடைபட்டதும் விழித்திரையின் அந்தப் பகுதியில் ரத்தம் தேங்குகிறது, குழாய்ச் சுவர் கசிகிறது, நுண்குழாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்கின்றன. விழித்திரையின் ஓரம் பட்டினி கிடக்க ஆரம்பிக்கிறது.

பட்டினி கிடக்கும் விழித்திரை சும்மா இருப்பதில்லை. விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிப் பொருளை வெளிவிடுகிறது. 'இங்கே ரத்தம் வரவில்லை, புதுக் குழாய் போடுங்கள்' என்று உடம்புக்கு அது அனுப்பும் சேதி. உடம்பும் உடனே புதுக் குழாய்களை முளைக்கவைக்கிறது. கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கிறது. ஆனால் அவசரத்தில் வளர்ந்த குழாய்களின் சுவர் மெலிந்தது. போதாததற்கு, தேவைப்படும் இடத்துக்குள் போகாமல், விழித்திரைக்கு மேலே கிளம்பி, கண்ணின் நடுவில் நிறைந்திருக்கும் தெளிவான கூழை நோக்கி வளர்கின்றன. அந்தக் கூழ் கொஞ்சம் இழுபட்டாலே குழாய் உடைந்து ரத்தம் கூழில் கலக்கிறது.

கூழின் மொத்த அளவே 4 மில்லிதான். சில துளி ரத்தம் போதும், பார்வை மங்கிவிடும். நூலாகவும் கொசுவாகவும் புகையாகவும் நோயாளிக்குத் தெரிவதெல்லாம் விழித்திரையில் விழும் அந்த ரத்தத்தின் நிழல். படுத்திருக்கும்போது ரத்தம் பரவி நடுப்பார்வையை மறைக்கும். எழுந்து நடமாடினால் கீழே இறங்கும். அதனால்தான் காலையில் மோசமாக இருந்த கண் சாயங்காலம் சற்றுத் தேவலை என்று பலர் சொல்கிறார்கள்.

தானாகத் தெளிவதுதான் வம்பு

சேலத்தில் சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது அவனுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது, நல்ல கண் சமாளித்துக்கொள்ளும். பற்றவைத்த கண்ணியைக் கிட்டத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போதுதான் ஆள் திடுக்கிடுவான். 'தூசி விழுந்திருச்சுங்கண்ணா' என்று சொல்லிவிட்டு முகம் கழுவிவிட்டு வருவான். கழுவினாலும் நூல் போகாது.

வீட்டில் அம்மா, 'ராத்திரி முழிச்சு முழிச்சு வேலை பார்த்தா உடம்பு சூடு ஏறாம என்ன பண்ணும்?' என்பார். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளியல், கண்மேல் நந்தியாவட்டைப் பூ. இரண்டு மூன்று வாரத்தில் ரத்தம் கீழே இறங்கி, கொஞ்சம் உறிஞ்சப்பட்டு, பார்வை திரும்பிவிடும். நந்தியாவட்டைக்கு நல்ல பெயர் கிடைக்கும், பையன் பட்டறைக்குப் போய்விடுவான்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ரத்தம் வடிந்தது என்றால் நோய் வடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அடைபட்ட சிரை அடைபட்டே இருக்கிறது. பட்டினி கிடக்கும் ஓரம் அப்படியே இருக்கிறது. உடைந்த குழாய்க்குப் பக்கத்தில் இன்னும் பத்து குழாய் வளர்ந்துகொண்டிருக்கலாம். திரும்பத் திரும்ப ரத்தம் கசிவதுதான் இந்த நோயின் குணமே. ஒவ்வொரு கசிவுக்குப் பிறகும் கூழுக்குள் தழும்புத் திசு சேரும். அந்தத் தழும்பு சுருங்கும்போது விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடலாம். சிலருக்குக் கண்ணின் முன்பகுதியிலும் புதுக் குழாய் வளர்ந்து கண் நீர் அழுத்தம் ஏறிப்போகும். அந்தக் கட்டத்துக்குப் போனால் பார்வையை மீட்பது கடினம்.

எண்ணெய்க் குளியல்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, குளிக்கட்டும். பூவும் விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் கண்ணின் மேற்புறத்தோடு நின்றுவிடும். விழித்திரை இருப்பது அதற்கெல்லாம் மிகப் பின்னால். கடையில் சொல்லி வாங்கும் கண் சொட்டு மருந்தும் அப்படித்தான். இதெல்லாம் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதுதான் சிக்கல்.

1880இல் ஒரு டாக்டரும் நம்மூர்ப் பாட்டியும்

நோய்க்குப் பெயர் வரக் காரணமானவர் ஹென்றி ஈல்ஸ். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துக் கண் மருத்துவர். விழித்திரையை உயிருள்ள மனிதரில் பார்க்கும் கருவியைப் பற்றி ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்டது 1851இல்தான்; அதற்குப் பிறகு ஒரு தலைமுறை கழித்து 1880லும் 1882லும் ஈல்ஸ் இந்த நோயை விவரித்தார். இளைஞர்கள், விழித்திரையில் ரத்தக் கசிவு, அதோடு அடிக்கடி மூக்கில் ரத்தம், மலச்சிக்கல். மூன்றையும் சேர்த்து அவர் ஒரு விளக்கம் சொன்னார்: குடல் பக்கத்து ரத்தக்குழாய்கள் இறுகுவதால் ரத்தம் தலைப் பக்கம் ஏறுகிறது, அங்கே உடைகிறது.

சில்லுமூக்கு உடைகிறது, வயிறு இறுகுகிறது, கண்ணில் ரத்தம் என்று நம்மூர்ப் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட இதே விளக்கம்தான் வரும், 'சூடு தலைக்கேறிருச்சு' என்பார். அன்றைக்கு இருந்த அறிவுக்கு இரண்டு பேரும் கண்ணால் கண்டதை வைத்து நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார்கள். ஈல்ஸ் கவனிக்காமல் விட்டது குழாய்ச் சுவரின் அழற்சியை. அதைப் பின்னால் வந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். மூக்கும் மலச்சிக்கலும் கதையிலிருந்து விலகிவிட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

டிபிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஈல்ஸின் இரண்டாவது கட்டுரை வந்த அதே 1882இல், மார்ச் 24ஆம் தேதி, பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். இரண்டு கதைகளும் பிற்பாடு பின்னிக்கொண்டன. ஈல்ஸ் நோயாளிகள் பலருக்கு, காசநோய்க் கிருமி உடம்புக்குள் வந்திருக்கிறதா என்று முன்கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ பரிசோதனையில் தடிப்பு பெரிதாக வந்தது. சென்னை சங்கர நேத்ராலயாவில் நடந்த ஆய்வுகளில், நோயாளிகளின் கண்ணிலிருந்து எடுத்த திசுவிலும் திரவத்திலும் காசநோய்க் கிருமியின் மரபணுத் துணுக்குகள் சிலருக்குக் கிடைத்தன. உயிருள்ள கிருமி கண்ணுக்குள் உட்கார்ந்து பெருகுகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. எப்போதோ உடம்புக்குள் வந்துபோன கிருமியின் புரதத்துக்கு எதிராகக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, தவறான இடத்தில், விழித்திரைச் சிரையில் வந்து மோதுகிறது என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் கருத்து. எல்லா நோயாளிக்கும் இது பொருந்துவதில்லை. பரிசோதனையில் டிபிக்கான எந்த அறிகுறியும் இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

டிபி என்ற பேச்சு எடுத்ததுமே குடும்பத்தில் முகம் மாறும். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளுமா, பையனுக்குப் பெண் கொடுப்பார்களா என்றெல்லாம் யோசனை ஓடும். ஈல்ஸ் நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு நேராக வரும் நோயாகவும் அறியப்படவில்லை. நுரையீரலில் டிபி இருந்தால் அது வேறு விஷயம், அதற்குத் தனியாக மருந்து. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கும். கண்ணுக்காக மட்டும் டிபி மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அதனால் ஒரு டாக்டர் கொடுத்தார், இன்னொருவர் வேண்டாமென்றார் என்றால் யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்று எண்ண வேண்டியதில்லை. அப்படிக் கொடுக்கும் மருந்துகளில் எத்தாம்பூட்டால் இருந்தால் ஒரு கவனம் தேவை: சிலருக்கு அது பார்வை நரம்பையே பாதிக்கும். சிவப்பும் பச்சையும் மங்கலாகத் தெரிந்தால் உடனே சொல்லிவிட வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

ஈல்ஸ் நோய் என்று உறுதியாகக் காட்டும் ஒற்றை ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்றதையெல்லாம் கழித்துக் கழித்துத்தான் இதற்கு வந்து சேர்கிறார்கள். சர்க்கரை நோய், சார்கோய்டோசிஸ், பெஹ்செட் நோய், லூபஸ், சிபிலிஸ், ரத்தப் புற்றுநோய் என்று விழித்திரைக் குழாயைக் கெடுக்கும் நோய்கள் பல உண்டு. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாள் செல் சோகையும் விழித்திரையின் ஓரத்தை இதே மாதிரி பட்டினி போடும். எனவே கண்ணுக்கு வந்தவனுக்கு எதற்கு நெஞ்சு எக்ஸ்ரே, எதற்கு இத்தனை ரத்தம் என்று முணுமுணுக்க வேண்டாம்.

முதலில் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு, விழித்திரையின் ஓரம்வரை பார்ப்பார்கள். நல்ல கண்ணையும் சேர்த்துப் பார்ப்பார்கள், பார்க்காவிட்டால் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் இரண்டு கண்ணிலும் வருகிறது. ஒன்றில் ரத்தம் கசிந்திருக்கும், மற்றதில் ஓசைப்படாமல் அழற்சி ஓடிக்கொண்டிருக்கும். சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், கிட்டப்பார்வை மங்கும். ஏற்காட்டிலிருந்து பைக்கில் தனியாக வந்துவிட்டு, அந்தக் கண்ணோடு 20 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்ப ஏறுவது வேண்டாத விபரீதம். கூட ஒருவரை அழைத்து வாருங்கள், இல்லை பஸ்ஸில் போங்கள்.

அப்புறம் ஆஞ்சியோகிராம். நெஞ்சுக்குச் செய்வது வேறு, இது வேறு. கை நரம்பில் ஃப்ளூரசின் என்ற மஞ்சள் சாயத்தை ஊசியால் ஏற்றி, அது விழித்திரைக்குள் ஓடுவதை நொடிக்கு நொடி படம் எடுப்பார்கள். 1961இல் அமெரிக்காவில் இரண்டு மருத்துவ மாணவர்கள் வெளியிட்ட முறை இது. எந்தக் குழாய் கசிகிறது, எந்த இடத்துக்கு ரத்தமே போகவில்லை, புதுக் குழாய் எங்கே முளைத்திருக்கிறது என்று வரைபடமே கிடைத்துவிடும். அன்றைக்குத் தோல் லேசாக மஞ்சளடிக்கும், சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். மஞ்சள் காமாலை வந்துவிட்டதோ என்று பயந்து கீழாநெல்லி அரைக்க வேண்டாம், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். ரத்தம் நிறையக் கலந்து உள்ளே எதுவுமே தெரியாவிட்டால், மூடிய இமைமேல் வைத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். விழித்திரை ஒட்டியிருக்கிறதா, பிரிந்துவிட்டதா என்று அதில் தெரியும்.

சிகிச்சை

நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அழற்சி ஓடிக்கொண்டிருக்கும் கட்டத்தில் ஸ்டீராய்டு. மாத்திரையாகவோ, கண்ணுக்குப் பக்கத்தில் ஊசியாகவோ. மாத்திரையின் அளவை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். கண் தெளிந்துவிட்டதே என்று நாமாக நிறுத்தினால் அழற்சி திரும்புவதோடு உடம்பும் தள்ளாடும். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறலாம், கண் அழுத்தம் ஏறலாம், நாள்பட்டால் புரை விழலாம். டிபி இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்டீராய்டு ஆரம்பிப்பது ஆபத்து. மேலே சொன்ன எக்ஸ்ரேக்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டினி கிடக்கும் ஓரத்துக்கு லேசர். இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 'லேசர் போட்டும் பார்வை ஏறலையே' என்ற புலம்பலைக் கண் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் கேட்கலாம். லேசர் பார்வையை ஏற்றுவதற்குப் போடுவதல்ல. ரத்தம் போகாத ஓரப்பகுதியைப் புள்ளி புள்ளியாகச் சுட்டுவிடுகிறார்கள். சுட்ட பகுதி ஆக்சிஜன் கேட்காது. கேட்காவிட்டால் விஇஜிஎஃப் சுரப்பு குறையும், புதுக் குழாய்கள் வாடும், அடுத்த கசிவு தடுக்கப்படும். நடுப்பார்வையைக் காப்பாற்ற ஓரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். கூழில் ரத்தம் நிறைந்திருந்தால் லேசர் ஒளி உள்ளே போகாது, தெளியும்வரை காத்திருக்க வேண்டும். நம் பட்டறைப் பையன் கண் தெளிந்ததும் வேலைக்குக் கிளம்பிப்போனானே, அவனுக்கு லேசர் போடக்கூடிய காலமே அதுதான்.

விஇஜிஎஃப்பை நேராகத் தடுக்கும் ஊசிகளும் உண்டு. பெவாசிசுமாப் என்ற மருந்து முதலில் புற்றுநோய்க்காக வந்தது, இப்போது கண்ணுக்குள் மிகச் சிறிய அளவில் போடுகிறார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசியா என்று கேட்டாலே குலை நடுங்கும். மரத்துப்போகச் செய்து போடுவதால் சில நொடியில் முடிந்துவிடும். தழும்பு அதிகமாகச் சேர்ந்த கண்ணில் இந்த ஊசியால் இழுவை கூடிவிடும் வாய்ப்பும் உண்டு என்பதால் எல்லோருக்கும் போடமாட்டார்கள்.

சுமார் மூன்று மாதம் பார்த்தும் ரத்தம் வடியாவிட்டால், அல்லது விழித்திரை பிரிய ஆரம்பித்தால் உடனேயே, விட்ரெக்டமி என்ற அறுவை சிகிச்சை. ரத்தம் கலந்த கூழை வெட்டி உறிஞ்சி எடுத்துவிட்டுத் தழும்புகளையும் நீக்குவார்கள். 1970களின் தொடக்கத்தில் ராபர்ட் மாச்செமர் இதற்கு வழி திறந்தார். அதற்கு முன்னால் தானாக வடியட்டும் என்று காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

மலைமேல் இருப்பவர்களுக்கு

விட்ரெக்டமியில் விழித்திரையை ஒட்டவைக்க வேண்டியிருந்தால் கண்ணுக்குள் விசேஷ வாயு நிரப்புவதுண்டு. ஒரு வகை வாயு இரண்டு வாரம் வாக்கில் கரையும், இன்னொரு வகை இரண்டு மாதம்வரை நிற்கும். சேலம் டவுன் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1500 மீட்டருக்கு மேலே. பஸ் மலை ஏறும்போது காது அடைப்பது எல்லோருக்கும் தெரியும்: வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய, உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. காதுக்கு வெளியேற வழி உண்டு, எச்சில் விழுங்கினால் சரியாகும். கண்ணுக்குள் அடைத்த வாயுவுக்கு வழியில்லை. அது விரிந்தால் கண் அழுத்தம் எகிறும், கடும் வலி வரும், பார்வை நரம்புக்கு ஓடும் ரத்தமே நின்றுவிடலாம்.

ஆகவே சேலத்திலோ கோயம்புத்தூரிலோ ஆபரேஷன் முடித்த எஸ்டேட்காரர்கள், 'கண்ணில் வாயு வைத்திருக்கிறீர்களா, ஆயிலா?' என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். சிலிக்கான் ஆயில் விரியாது, அதை வைத்திருந்தால் இந்தக் கவலை இல்லை. வாயு என்றால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை கீழேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது உத்தமம். காப்பிப்பழம் பறிக்கிற பருவமாக இருந்தாலும் சரிதான். வீடு மலைமேல் என்பதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டால், எதை நிரப்புவது என்று முடிவெடுக்கும்போது டாக்டரும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். வாயு கரைவதை நோயாளியே பார்க்கலாம்: முதலில் எல்லாம் மங்கல், அப்புறம் பார்வையின் மேற்பகுதியில் தெளிவு வரும், ஒரு கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கி, சின்ன வட்டமாகி மறையும். அதுவரை விமானமும் கூடாது. இடையில் வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் கண்ணில் வாயு இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். மயக்கத்துக்குப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடும் அதை விரியச் செய்யும்.

ஈல்ஸ் நோய் பொதுவாகச் சில வருடங்கள் ஆட்டம் காட்டிவிட்டு, வயது ஏற ஏற அடங்கிவிடுகிறது. சரியான நேரத்தில் லேசர் போட்டுக்கொண்டவர்களில் பலர் வேலைக்கேற்ற பார்வையோடு இருக்கிறார்கள். அடங்கும்வரை மருத்துவர் சொன்ன இடைவெளியில் இரண்டு கண்ணையும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். இடையில் புதிதாக நூல் ஓடினால் தலையை உயர்த்திவைத்துப் படுங்கள், மூட்டை தூக்காதீர்கள், ஓரிரு நாளில் விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். நூலோடு சேர்ந்து மின்னல் வெட்டினாலோ, பார்வையின் ஒரு பக்கம் திரை விழுந்ததாகத் தெரிந்தாலோ, அன்றைக்கே போய்விட வேண்டும்.